தெங்குவிளாகத்து வீட்டு நெல்லையப்பன்

முப்பத்திரண்டு வருஷம் தாலுகா ஆபீஸ் ரிகார்டு அறையில் உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் "நாளைக்கு வாரும்" என்று திருப்பி அனுப்பியவன் நான். அப்படிப்பட்ட என்னைத் திருவனந்தபுரத்தில் ஒரு குமாஸ்தா அதே வார்த்தையைச் சொல்லி அலைய வைத்தார் என்று கேள்விப்பட்டால் திருநெல்வேலியில் ஒருவரும் எனக்காக இரக்கப்படமாட்டார்கள். மாடசாமி என்ற விவசாயி சந்தோஷத்தில் கோயிலில் தேங்காய்கூட உடைப்பார். அவர் ஒருநாள் என் மேஜைக்கு முன்னால் நின்று, "எசமான், நான் உசிரோடதான இருக்கேன்" என்று கெஞ்சினபோது, "அது எனக்குத் தெரியுது வே. ஆனா ரிகார்டுல இல்லையே" என்று சொல்லி அனுப்பியவன் நான்தான்.

சங்கதி இதுதான். என் சர்வீஸ் புஸ்தகப்படி இந்த மாசி மாதத்தோடு எனக்கு ஐம்பத்தைந்து வயது முடிகிறது, வீட்டுக்குப் போகவேண்டும். உண்மையில் எனக்கு ஐம்பத்து மூன்றுதான். அப்பா சாவதற்கு முன்னால் ஒருநாள், "பள்ளிக்கூடத்துல ஒன் வயசு ரெண்டு கூடப் போயிட்டுதுலே" என்றார். எப்படி என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தது மாமா. அம்மாவின் பெட்டியில் 'நெல்லையப்பன்' என்று எழுதியிருந்த ஜாதக ஓலையை எடுத்துக் கொண்டுபோய்த் தேதி கொடுத்துவிட்டார். ஓலை எழுதிய ஜோசியன் கள் குடித்துவிட்டு எழுதியிருப்பான் என்பது என் கட்சி. ஏனென்றால் அந்த ஓலையைப் பார்த்த ஜோசியர்கள் எல்லாரும் என் முகத்தை ஒரு தடவையும் ஓலையை ஒரு தடவையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். "கைக்குழந்தையிலே பெரிய கண்டம் ஒண்ணு. அதைத் தாண்டிட்டீர்னா பெரிய ஆச்சரியம்" என்பார்கள். நாற்பது வயது ஆளைப் பார்த்துச் சொல்லும் பேச்சா இது?

இரண்டு வருஷ உத்தியோகம் உங்களுக்கு அற்பமாகத் தெரியலாம். என் கடைசிப் பெண் கோமதி பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கிறாள். படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம். "சம்பளம் நின்னா காலேஜும் நிக்கும். பெறவு மாப்பிள்ளை பாக்க வேண்டியதுதான்" என்று என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நான் கிளம்பும்போது கோமதி நன்றாகச் சீவிய பென்சில் ஒன்றை என் சட்டைப் பையில் செருகி, "தேதியைச் சரியாக் குறிச்சிட்டு வாங்கப்பா" என்றாள். தாசில்தார் பத்து நாள் லீவு கொடுத்திருந்தார். அதற்குள் என் பிறப்புப் பதிவின் நகலைக் கொண்டுவந்தால் உத்தியோகம் உண்டு. இல்லையென்றால் மாலையும் எலுமிச்சம்பழமும்தான்.

நான் பிறந்தது திருவனந்தபுரத்தில். அப்பா அப்போது சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை ஒன்றில் வேலை பார்த்தார். எனக்கு ஒன்றரை வயது ஆகும்போது ஊருக்குத் திரும்பிவிட்டோம். ஆகவே பிறந்த ஊருக்கு நான் போனது, விவரம் தெரிந்தபிறகு, இதுவே முதல் தடவை.

யுத்தம் முடிந்திருந்தது, அரிசி மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. திருவனந்தபுரம் மகாராஜாவின் ராஜ்ய எல்லையில் அரிசிக் கடத்தலைப் பிடிக்க நின்ற ஆள், என் மனைவி கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு, "இது அரிசியல்லே?" என்றார். "உத்தரவில் அரிசி என்றுதான் இருக்கும், சோறு என்று இருக்காது" என்றேன் நான். அவர் உத்தரவை எடுத்துப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. ரிகார்டு வேலை எனக்குக் கொடுத்த வெற்றிகள் அதோடு முடிந்தன.

கிழக்கேகோட்டைப் பக்கம் ஓர் ஐயர் ஓட்டலில் இறங்கினேன். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டேன். சிவப்பாக ஒரு டம்ளர் வெந்நீர் வந்தது. கை கழுவக் கொடுத்தார்களோ என்று சந்தேகப்பட்டு விரலை நனைத்தேன். ஓட்டல் கிருஷ்ணையர் ஓடி வந்தார்.

"ஐயய்யோ, அது குடிக்கறதுக்கு, பிள்ளைவாள்! பட்டையும் ஜீரகமும் போட்டுக் கொதிக்க வெச்சது. நாலு நாள் குடிச்சேள்னா அப்புறம் உங்க தாமிரபரணி ஜலம் தொண்டையிலே எறங்காது."

தாமிரபரணியைப் பற்றி என் முன்னால் யாரும் இப்படிப் பேசியதில்லை. கோபத்தோடு குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்கு ஒரு கரண்டி தடித்த சிவப்புச் சோறு போட்டார்கள். மிச்ச வயிற்றுக்கு வேகவைத்த மரச்சீனிக் கிழங்கு. கிழங்கு, கிழங்குக் கூட்டு, தொட்டுக்கொள்ளக் கிழங்கு வறுவல். எல்லாவற்றின் மேலும் தேங்காயெண்ணெய். என் ஊரில் தலைக்குத் தேய்ப்பதை இங்கே இலையில் ஊற்றுகிறார்கள். முதல் நாள் முகம் சுளித்தேன். மூன்றாம் நாள் நானே இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன் என்பதை என் மனைவியிடம் சொல்லவேண்டாம்.

பழைய ஜனன மரணப் புஸ்தகங்கள் இருந்த சர்க்கார் கச்சேரிக்கு வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். கம்பி அழிக்குப் பின்னால் நெற்றியில் சந்தனக் குறியோடு ஒருவர் இருந்தார். பெயர் கோவிந்தக் குறுப்பு. மேஜை, மை, முத்திரை, மூலையில் சாய்த்த குடை எல்லாம் என் அறையில் இருப்பது போலவே இருந்தன. பார்த்ததும் ஒரு பாசம் வந்தது. "நானும் உங்க ஜாதிதான் ஐயா. ரிகார்டு கீப்பர்" என்றேன்.

"சந்தோஷம்" என்றார் குறுப்பு. "நாளெ வரணும்."

மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. நான் நகரவில்லை. இந்த இடத்தில் நின்றவர்கள் நகராமல் நின்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். கால் மணி கழித்து அவர் பெருமூச்சு விட்டு மனுத் தாளை நீட்டினார். பூர்த்தி செய்து கொடுத்தேன். அவர் பேசியது மலையாளம். பாதி எனக்குத் தமிழாகவே கேட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

"பேரு, நெல்லையப்பன். அச்சன் பேரு, சுப்பிரமணிய பிள்ளை. சரி. பதிவில் உள்ள ஆளுக்கும் அபேட்சை தருந்ந ஆளுக்கும் உள்ள பந்தம்..." இங்கே நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "'நானே' என்று எழுதியிருக்கு."

"நானேதான்."

"ம். வீட்டுப் பேரு எவிடே?"

"வாடகை வீடு ஐயா."

"வாடகை வீட்டுக்கும் பேரு உண்டல்லோ."

"எங்க ஊரிலே வீட்டுக்குப் பேர் கிடையாது. ஆளுக்குத்தான் பேர்."

குறுப்பு பேனாவைக் கீழே வைத்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "சாரே, ஆளு வரும், போகும். வீடு அவிடெத்தன்னெ நிற்கும். அதுகொண்டு எங்கட புஸ்தகம் முழுக்க வீட்டுப் பேரிலாணு. வீட்டுப் பேரு இல்லாத்த ஆளு, இந்தப் புஸ்தகத்தில் ஜனிச்சிட்டே இல்ல."

எனக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதால் இன்னும் ஆத்திரம் வந்தது. என் அறையில் எல்லாம் தகப்பன் பேர் வரிசையில் இருக்கும். தகப்பன் பேர் தெரியாமல் வந்தவர்களை நான் என்ன பாடு படுத்தியிருக்கிறேன்! "வீட்டுப் பேரு கண்டுபிடிச்சு, நாளெ வரணும்" என்றார் குறுப்பு. மனுவில் நான் ஒட்டியிருந்த கோர்ட்டு ஸ்டாம்பையும் நகத்தால் கிள்ளித் திருப்பிக் கொடுத்தார். அதில் இங்கிலீஷ் ராஜா தலை இருந்தது. இங்கே சங்கு போட்ட ஸ்டாம்புதான் செல்லுமாம்.

இரண்டாம் நாள் காலையில் சங்கு ஸ்டாம்பு வாங்கினேன். பிறகு சாலைக் கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். அப்பா வேலை பார்த்த பாத்திரக் கடை இருந்த இடத்தில் இப்போது குடைக் கடை. பக்கத்து மளிகைக் கடைக்காரர் மூன்று தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். ஊர்க்காரரைக் கண்ட சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரியுங்கோ அண்ணாச்சி, ஒரு சாய குடிக்கலாம். ஆனா வீட்டுப் பேரு எனக்கு அறியாதே. அம்பது வருஷத்துக் கதையில்லா? ஒண்ணு செய்யுங்கோ. அஞ்சல்காரர்ட்ட கேளுங்கோ. ஆளு மறந்தாலும் அவரு வீடு மறக்கமாட்டாரு."

இந்த ராஜ்யத்தில் தபால் இரண்டு வகை. நம் ஊரில் உள்ள தபால் ஒன்று. மகாராஜாவின் சொந்தத் தபால் ஒன்று. அதற்குப் பேர் அஞ்சல். அஞ்சல் கடிதம் கொண்டுபோகும் மாதவன் பிள்ளையைக் கோட்டை வாசலில் பிடித்தேன். என் வயதுதான் இருக்கும். (எந்த வயது என்று கேட்காதீர்கள்.) அவருடைய அப்பாவும் இதே தெருக்களில் அஞ்சல் கொண்டுபோனவராம். நான் கதையைச் சொல்லச் சொல்ல அவர் நடந்துகொண்டே இருந்தார். நானும் பின்னால் ஓடினேன். ஒவ்வொரு வீட்டையும் தாண்டும்போது அதன் பேரை முணுமுணுத்தார். மாவிளை, கிழக்கேபுத்தன்வீடு, குளத்தங்கரை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே வந்தார். யார் இருக்கிறார்கள் என்று ஒரு வீட்டைக் காட்டிக் கேட்டேன்.

"ஆளெ எனக்கு அறியில்ல சாரே. மூணு குடும்பம் மாறி. வீடு அதுதன்னே."

கடைசிக் கடிதத்தையும் கொடுத்துவிட்டு நின்றார். "பாத்திரக்காரப் பாண்டிகள் தாமசிச்ச வீடு... அப்பன் சொல்லியிருக்கு. பாண்டிநாட்டுக் கடிதம் எப்பவும் ஒரே வீட்டுக்கு வரும். அவிடத்தெ அம்மா முறுக்கு தரும். அதுக்காகவே அப்பன் அந்த வீட்டுக்கு உச்சைக்கு முன்னாலே போகும். தெங்குவிளாகம்! தெங்குவிளாகத்து வீடு!"

என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஓலை வேய்ந்த தாழ்ந்த வீடு. பக்கத்தில் ஒரு கிணறு, இரண்டு தென்னை. கொடியில் யாருடைய வேட்டியோ காய்ந்தது. முறுக்கு கொடுத்த கை என் அம்மாவின் கையாகத்தான் இருக்கும். எனக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது அவள் போய்விட்டாள். அவளைப் பற்றி ஒரு வெளியாள் என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை. நான் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அஞ்சல்காரர் அதைத் தாகம் என்று நினைத்துக்கொண்டு, அந்த வீட்டிலேயே கேட்டு ஒரு செம்பு வாங்கிக் கொடுத்தார். சிவப்பு வெந்நீர்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தீபாவளிக்கு ஒவ்வொரு வருஷமும் அவள் ஒரே துணியில் இரண்டு சட்டை தைக்கக் கொடுப்பாள். ஒன்று எனக்கு. இன்னொன்று ஒரு சுற்றுப் பெரிசு. அடுத்த வருஷம் எனக்கு ஆகும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருப்பேன். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே அதைத் தெருவில் போகும் ஏதாவது ஓர் ஏழைப் பையனுக்குக் கொடுத்துவிடுவாள். என்னைவிடப் பெரிய பையனாகப் பார்த்துத்தான் கொடுப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்ற பிள்ளைக்கு ஒன்று, எவனுக்கோ ஒன்றா என்று அழுது புரண்டிருக்கிறேன். அவள் சமாதானம் சொன்னதே இல்லை.

மூன்றாம் நாள் நான் கம்பி அழிக்கு முன்னால் போய் நின்று, "தெங்குவிளாகத்து வீடு" என்றேன். குறுப்பின் முகம் மலர்ந்தது. "இப்போளாணு சாரு ஒரு மனுஷன் ஆயது!" என்று நாற்காலி போட்டார். ஒரு பெரிய அட்டவணையை இறக்கி விரலை ஓட்டினார். வீடு இருந்தது. பக்க எண் இருந்தது. புஸ்தகம் இல்லை.

"ஜப்பான்காரன் குண்டு போடும் என்று பேடிச்சு, யுத்தக் காலத்தில் பழைய புஸ்தகம் எல்லாம் வித்துராவில் கொண்டுபோய் வச்சு. மலையடிவாரம் அல்லே, குண்டு விழாது."

"யுத்தம் முடிஞ்சு போச்சே."

"முடிஞ்சு. பக்ஷே திருப்பிக் கொண்டுவரணும் என்று உத்தரவு வரல்லியே." பிறகு, நான் ரிகார்டு ஆள் என்பது நினைவுக்கு வந்தவர்போல, குரலைத் தாழ்த்தி, "சாவி என்ற கையிலாணு. மேலதிகாரியிடம் அனுவாதம் வாங்கி, நாளெ நம்ம ரெண்டு பேரும் ஒந்நிச்சுப் போகலாம்" என்றார்.

நாளை என்ற சொல் அவர் வாயில் முதல் தடவையாக இனித்தது.

நான்காம் நாள் வித்துராவுக்குக் கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பின்னால் ஒரு தகர உருளையை மாட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து ஓட்டினார்களே, அந்த ரகம். யுத்தம் முடிந்தது இந்தப் பஸ்ஸுக்கும் தெரியாது. சமதளத்தில் மூச்சு வாங்கியது. முதல் ஏற்றத்தில் படுத்தேவிட்டது. கண்டக்டர் இறங்கி, "ஆம்பளைகள் எல்லாரும் தள்ளணும். ஐம்பத்தைஞ்சு கழிஞ்சவர் இரிக்கலாம்" என்று சத்தம் போட்டார்.

பாதிப் பஸ்ஸுக்கு அந்த நிமிஷத்தில் ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. எனக்கு உட்காரத்தான் ஆசை. சர்வீஸ் புஸ்தகம் என் பக்கம் இருந்தது. ஆனால் நான் போகிற காரியமே ஐம்பத்துமூன்று என்று நிரூபிக்கத்தானே! பக்கத்தில் குறுப்பு வேறு பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினேன். கரிப்புகை முழுவதும் என் வெள்ளைச் சட்டைக்கே வந்தது. குறுப்பு என்னைவிட இளையவர். இருந்தும் ஜன்னல் வழியாகக் குடையை நீட்டி, "என்ற கையில் சர்க்கார் சாவி இருக்கு சாரே. அதுகொண்டு இறங்கிக்கூடா" என்றார். மூன்று ஏற்றம், மூன்று தடவை.

வித்துராவில் சந்தை நாள். மிளகு மூட்டையும் வாழைக்குலையுமாகத் தெரு அடைத்திருந்தது. புஸ்தகங்கள் இருந்தது சந்தைக்குப் பின்னால் ஒரு கிட்டங்கியின் உள் அறையில். பாதி அறை சர்க்காருடையது; பாதி மிளகு வியாபாரியுடையது. உள்ளே போனதும் இரண்டு பேரும் பத்துத் தும்மல் தும்மினோம். "மிளகு உள்ளதுகொண்டு செல்லு வரல்லே" என்று குறுப்பு பெருமையாகச் சொன்னார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒவ்வொரு புஸ்தகமாகத் துண்டால் துடைத்து இறக்கினார். அவர் துடைத்த விதத்தைப் பார்த்து, இவர் என்னைவிட நல்ல ரிகார்டு கீப்பர் என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டேன்.

"கிட்டிப்போயி!" என்று கத்தினார். "தெங்குவிளாகத்து வீடு. ஆண் குழந்தை. பேரு நெல்லையப்பன். அச்சன், சுப்பிரமணிய பிள்ளை, பாத்திரக் கச்சவடம்."

"தேதி? தேதி என்ன?"

அவர் படித்தார். சர்வீஸ் புஸ்தகத்தில் உள்ள அதே தேதி. வருஷம் அதே, மாதம் அதே, நாள்கூட அதே.

நான் மிளகு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். மாமா பொய் சொல்லவில்லை, ஜோசியன் குடிக்கவில்லை. அப்பாதான் சாகக் கிடந்த நேரத்தில் ஏதோ உளறியிருக்கிறார். எனக்கு ஐம்பத்தைந்து. முட்டாள்தனமாக ஐம்பத்துமூன்று என்று பஸ் தள்ளியிருக்கிறேன். சட்டைப் பையில் கோமதியின் பென்சில் நெஞ்சில் குத்தியது. இதைப் போய் அந்தப் பெண்ணிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? அவள் "பரவாயில்லப்பா" என்று பென்சிலைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வாள். அதுதான் எனக்கு வேதனையாக இருந்தது.

குறுப்பு இன்னும் புஸ்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரியின் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறியும் ஓர் எண்ணும் இருந்தன. அவர் வேறொரு புஸ்தகத்தை எடுத்தார். புரட்டினார். அதை மூடாமல் என் பக்கம் திரும்பினார்.

"சாரே, ஒரு காரியம் பறையணும். சங்கடப்படண்டா."

"சொல்லுங்க."

"சாரு மரிச்சு போயி."

"என்னது?"

"மரிச்சு போயி. ஏழாம் மாசத்தில். ஜுரம். இதா, மரணப் புஸ்தகத்தில் எழுதியிருக்கு. அதே வீடு, அதே பேரு, அதே அச்சன்."

"நான் உயிரோடுதானே ஐயா இருக்கேன்!"

"அது எனக்குக் கண்ணில் தெரியுந்நுண்டு" என்றார் குறுப்பு மிகுந்த வருத்தத்தோடு. "பக்ஷே புஸ்தகத்தில் இல்லல்லோ."

மாடசாமி, கேட்டுக்கொள். உனக்கு நான் கொடுத்தது அட்சரம் பிசகாமல் எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

குறுப்பு சட்ட நுணுக்கத்துக்குள் இறங்கினார். "மரிச்ச ஆளோட ஜனன நகல் தரலாம். அதில் தடை இல்ல. பக்ஷே வேற ஆளு அபேட்சிக்கணும். மரிச்ச ஆளு தன்னே வந்து 'நானே' என்று அபேட்சை தந்தால், அதுக்குச் சட்டத்தில் வகுப்பு இல்ல." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "சாரே, சாரின்ற அப்பூப்பன் பேரு எந்தா? அச்சன்ற அச்சன்."

"நெல்லையப்பன். எங்கள்லே மூத்த பையனுக்குத் தாத்தா பேர்தான் விடணும். அப்பாவுக்கு அவங்க அப்பா மேல உசிரு."

"மூத்தவன் போயால்?"

"போயிட்டா அடுத்த பையனுக்கு அதே பேரை..."

சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டேன். குறுப்பு எழுந்தார். இரண்டு வருஷம் தள்ளியுள்ள புஸ்தகத்தை எடுத்தார். இந்தத் தடவை விரல் ஓட்டுவதில் அவசரம் இல்லை. தெங்குவிளாகத்து வீடு. ஆண் குழந்தை. பேரு நெல்லையப்பன். அச்சன், சுப்பிரமணிய பிள்ளை, பாத்திரக் கச்சவடம். அதே குமாஸ்தாவின் அதே சாய்ந்த எழுத்து. ஓரத்தில் சிவப்புக் குறி இல்லை.

மாமா எடுத்துக்கொண்டு போன ஓலை என்னுடையது அல்ல. அம்மா தூக்கிப் போட மனமில்லாமல் பெட்டியில் வைத்திருந்த ஓலை. கண்டம் இருக்கிறது என்று அத்தனை ஜோசியர்களும் சரியாகத்தான் சொன்னார்கள். அந்த ஜாதகக்காரன் அதைத் தாண்டவில்லை. அவன் தேதியில் நான் பள்ளிக்கூடம் சேர்ந்தேன், உத்தியோகம் பார்த்தேன், கல்யாணம் பண்ணிக்கொண்டேன். தீபாவளிக்குத் தைத்த பெரிய சட்டை எவனுக்கோ அல்ல. அவன் இருந்திருந்தால் அந்த வருஷம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அம்மா வருஷாவருஷம் அளவெடுத்துத் தைத்திருக்கிறாள். நானோ அந்தச் சட்டைக்குச் சண்டை போட்டிருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. மிளகு காரம் என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். குறுப்பு நம்பினாரோ என்னவோ, "ஞான் சாய கொண்டுவரட்டே" என்று வெளியே போய், வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

திரும்பும்போது மூன்று புஸ்தகங்களையும் தன் துண்டில் மூட்டையாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். "திருப்பிக் கொண்டுவர உத்தரவு இல்லையே" என்றேன். "இது கொண்டுபோவதுக்கு விரோதமாயும் உத்தரவு இல்லல்லோ" என்றார். வழியில் பஸ் ஓர் ஏற்றத்தில் நின்றது. கண்டக்டர் கரி பூசிய என் சட்டையைப் பார்த்து, "வயசான சாரு இரிக்கட்டே" என்றார். "யாருக்கு வயசாச்சு?" என்று சண்டைக்குப் போய், நானே முதல் ஆளாக இறங்கித் தள்ளினேன். இந்தத் தடவை குறுப்பும் இறங்கினார். சர்க்கார் புஸ்தக மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் தள்ளினார்.

ஐந்தாம் நாள் காலை கம்பி அழிக்கு முன்னால் மறுபடியும் நின்றேன். என் ஜனன நகல் தயாராக இருந்தது. ஐம்பத்துமூன்று வயது சங்கு முத்திரையோடு என் கைக்கு வந்தது. தேதியைக் கோமதியின் பென்சிலாலேயே என் குறிப்புப் புஸ்தகத்தில் எழுதிக்கொண்டேன். குறுப்பு பேனாவை மூடினார்.

"இன்னும் ரெண்டு தாள் வேணும்" என்றேன். "மூத்தவனுக்கு. ஜனனம் ஒண்ணு, மரணம் ஒண்ணு."

"அது எதுக்கு சாரே? உத்தியோகத்துக்கு இது ஒண்ணு போதுமல்லோ."

"உத்தியோகத்துக்கு இல்லை."

அவர் இரண்டு தாளை நீட்டினார். பேர்: நெல்லையப்பன். தகப்பனார்: சுப்பிரமணிய பிள்ளை. வீட்டுப் பேர்: தெங்குவிளாகம். இதுவரை கை பழக்கத்தில் ஓடியது. அடுத்த கட்டம், பதிவில் உள்ளவருக்கும் மனுதாரருக்கும் என்ன உறவு என்பது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவந்த எத்தனை மனுக்களை நான் முகத்தில் எறிந்திருக்கிறேன்! என் வீட்டுக்கு நான்தான் மூத்தவன். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது, தங்கைகளைக் கட்டிக் கொடுத்தது, எல்லாம் மூத்தவன் என்று செய்தது. பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இரண்டு தாளிலும் எழுதினேன்: தம்பி.

குறுப்பு வாங்கிப் படித்தார். வெளியே வரிசையில் ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை நிமிர்ந்து பார்த்து, "எல்லாரும் நாளெ வரணும்" என்று சொல்லிவிட்டு, என் அண்ணனின் பேரை அழகான எழுத்தில், அவசரமே இல்லாமல் எழுத ஆரம்பித்தார்.